"அண்ணா, பாடம் ஓடலை": இணையப் பாடங்களில் வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய பயிற்சி மையத்துக்கு இணையப் பாடங்களை ஏற்றித் தருகிறேன். டிஎன்பிஎஸ்சி குரூப் 4, டேலி என்ற கணக்கு மென்பொருள், அடிப்படை ஆங்கிலம், பெரும்பாலும் இந்த மூன்றுதான். படிப்பவர்களில் பார்வை இல்லாதவர்கள் இருக்கிறார்கள், காது கேளாதவர்கள் இருக்கிறார்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடித்துவிட்டு மதியம் பாடம் பார்க்கும் அக்காக்கள் இருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசி, பள்ளியில் மட்டும் தமிழ் படித்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரிடமிருந்தும் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி ஒன்றுதான்: "அண்ணா, பாடம் ஓடலை."

அந்த ஒரு வரிக்குப் பின்னால் பலவிதக் கோளாறுகள் ஒளிந்திருக்கும். திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில். படிப்பவரின் போனைக் குறை சொல்வதற்கு முன்னால் நம் கோப்பைச் சோதித்துவிடுங்கள். எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை நாம் ஏற்றிய கோப்பின் குறையாகவே முடிந்திருக்கின்றன.

## கையில் இருக்க வேண்டியவை

ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன், ஒரு இயர்போன், விண்டோஸ் லேப்டாப்பில் என்விடிஏ. என்விடிஏ இலவச ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் ஏற்கெனவே இருக்கும்.

டாக்பேக்கை முதல் தடவை போடும்போது பலர் பயந்துவிடுகிறார்கள். ஒரு தட்டு தட்டினால் படிக்கும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். வலப்பக்கம் ஒரு விரலால் தள்ளினால் அடுத்ததைப் படிக்கும். இந்த நான்கும் தெரிந்தால் சோதனைக்குப் போதும். அணைப்பது எப்படி என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் போடுங்கள்.

## அறிகுறி: "போன் படிக்கவே மாட்டேங்குதுணா"

விரல் வைத்தால் சத்தம் வருகிறது, பட்டன் பெயரெல்லாம் சொல்கிறது. பாடத்தின் எழுத்துக்கு வந்ததும் மௌனம்.

குரல் இருக்கிறதா? அதே போனில் யாராவது தமிழில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்றின் மேல் விரல் வையுங்கள். அதையும் படிக்கவில்லை என்றால் கோளாறு போனில். செட்டிங்ஸில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் பகுதிக்குப் போய், கூகுள் குரலைத் தேர்ந்து, மொழியைத் தமிழாக்கி, தமிழ்க் குரலைப் பதிவிறக்குங்கள். ஐந்து நிமிட வேலை. சில போன்களில் போன் கம்பெனியின் சொந்தக் குரல் முதலில் நிற்கும். தமிழ் பட்டியலில் இல்லை என்றால் அதுதான் காரணமா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பைப் படிக்கிறது, பாடத்தைப் படிக்கவில்லையா? டாக்பேக்கை அணைத்துவிட்டு, பிடிஎஃப்பில் ஒரு சொல்லின் மேல் அழுத்திப் பிடியுங்கள். சொல் தேர்வானால் அது எழுத்து. தேர்வாகவில்லை என்றால் அது பெரும்பாலும் எழுத்தின் போட்டோ. ஸ்கிரீன் ரீடருக்கு வெள்ளைத்தாளும் அதுவும் ஒன்றுதான்.

போட்டோ என்று தெரிந்தால் முதல் வேலை, மூலக் கோப்பைக் கேட்பது. ஆசிரியர் வேர்டில் அடித்திருப்பார், பிரிண்ட் எடுத்திருப்பார், அந்தப் பிரிண்டை யாரோ போனில் ஸ்கேன் செய்து குரூப்பில் போட்டிருப்பார். "சார், நீங்க அடிச்ச ஒரிஜினல் ஃபைல் இருக்கா?" என்று ஒரு போன் போட்டாலே பாதிப் பேரிடம் கிடைத்துவிடுகிறது.

கிடைக்கவில்லையா? கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறங்கள். தமிழ் எழுத்தை ஓரளவு நன்றாகவே பிரித்துத் தரும். பெரிய கோப்பை ஒரே மூச்சில் போடாமல் சில பக்கங்களாகப் பிரித்துப் போடுங்கள். வந்ததை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். துணைக்காலும் ரகரமும் இடம் மாறும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தில் இடப்பக்க வரியோடு வலப்பக்க வரி ஒட்டிக்கொள்ளும். எண்கள்தான் பெரிய ஆபத்து. ஒரு வரலாற்றுக் குறிப்பில் வேலூர்ப் புரட்சி நடந்த 1806, 1306 ஆகிவிட்டது. கண்ணால் பார்ப்பவர் அது தப்பு என்று தாண்டிப் போவார். எங்கள் மாணவி ஒருவர் காதால் கேட்டதை மனப்பாடம் செய்து, மாதிரித் தேர்வில் அப்படியே பதில் சொன்னார். மதிப்பெண்ணை இழந்தது அவர், தப்பு என்னுடையது. அன்றிலிருந்து ஆண்டுகளையும் தொகைகளையும் அச்சுப் பக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் எந்தக் கோப்பையும் ஏற்றுவதில்லை.

எப்போது வெளியே கொடுப்பது: நூறு பக்கத்தைத் தாண்டினால், கணக்கும் அட்டவணையும் நிறைய இருந்தால், நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் சுகம்ய புஸ்தகாலயாவில் தேடுங்கள். 2016-ல் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை தொடங்கிய இணைய நூலகம் அது. அங்கே இல்லை என்றால் பார்வையற்றோருக்கான அமைப்புகளிடம் கேளுங்கள். "பதிப்பாளர் வழக்குப் போடுவாரே" என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று: 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் ஒரு நூலை லாப நோக்கமில்லாமல் மாற்றிக் கொடுப்பதை அனுமதிக்கிறது. பிரிவு 52-ல் இருக்கிறது.

## அறிகுறி: "படிக்குது, ஆனா உளறுது"

குரல் வருகிறது. வருவது தமிழில்லை. "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று ஆங்கில எழுத்தாக ஒப்பிக்கிறது.

இது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்த ஐந்தும் சேர்ந்தால் பாமினியில் "தமிழ்" என்ற சொல். திரையில் அழகான தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாக இருக்கிறது. சோதனை எளிது: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக ஒட்டினால் யூனிகோடு, எல்லாக் கருவியும் தமிழ் என்றே அறியும் பொதுக் குறியீடு. கிறுக்கலாக ஒட்டினால் பழைய எழுத்துரு.

- முழுக் கோப்பும் பாமினி என்றால், இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்குங்கள். வேலை முடிந்தது.
- நடுவில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் மொத்தமாக மாற்றக் கூடாது. ஆங்கிலமும் தமிழ்க் கிறுக்கலாக மாறிப்போகும். வேர்டில் தேடல் கட்டத்தில் எழுத்துருவைப் பாமினி என்று கொடுத்துத் தேடினால் பாமினி பகுதிகள் மட்டும் தேர்வாகும். அவற்றை மட்டும் மாற்றுங்கள்.
- பாமினி இல்லாமல் வேறு பழைய எழுத்துரு என்றால், எழுத்துருவின் பெயரைப் பார்த்து அதற்குரிய மாற்றியைத் தேர்ந்தெடுங்கள். தப்பான மாற்றியில் போட்டால் பாதி சரியாக வந்து ஏமாற்றும்.
- ஒட்டும்போது தமிழாகத்தான் வருகிறது, ஆனால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கிறதா? அது பிடிஎஃப் செய்தபோது நடந்த சேதம். மூலக் கோப்பிலிருந்து மறுபடி பிடிஎஃப் எடுப்பதுதான் வழி.

தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இருந்தாலும் பேஜ்மேக்கர் என்ற அச்சு வடிவமைப்பு மென்பொருளின் பழைய கோப்புகளிலிருந்து பாடம் எடுக்கும் வழக்கம் நிற்கவில்லை. பேஜ்மேக்கர் கோப்பு வந்தால் நீங்கள் திறக்கவே முயல வேண்டாம். எந்த டிடிபி சென்டரில் அடித்தார்களோ அங்கேயே போய், "இதை யூனிகோடு வேர்டு ஃபைலா குடுங்கண்ணே" என்று பக்கக் கணக்கில் கூலி பேசிக் கொடுத்துவிடுங்கள். அடித்தவருக்கு அரைமணி நேர வேலை, நமக்கு ஒரு வாரம்.

## அறிகுறி: "எங்க இருக்கேன்னே தெரியலை"

எழுத்து சரி, குரல் சரி. நாற்பது பக்கக் குறிப்பில் வேண்டிய பகுதிக்குப் போக முடியவில்லை. ஒரு தம்பி எதிரில் உட்கார்ந்து "சிந்துவெளி" பகுதியைத் தேடிக் காட்டினான். விரலை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனான், ஒவ்வொரு வரியாக. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், நூற்றுப்பதினேழு தடவை. கண் தெரிந்தவர் அரை நொடியில் பக்கத்தை உருட்டிக் கண்டுபிடிக்கிற தலைப்பு அது.

காரணம் ஒன்றே: தலைப்பைத் தடித்த எழுத்தாக, பெரிதாக, நீல நிறத்தில் போட்டிருக்கிறோம், தலைப்பு என்று குறிக்கவில்லை. வேர்டில் மேலே ஸ்டைல்ஸ் வரிசையில் இருக்கும் ஹெடிங் 1, ஹெடிங் 2 ஆகியவற்றைச் சொடுக்கினால்தான் அது தலைப்பு. சோதிக்க, கோப்பை என்விடிஏவில் திறந்து, வேர்டு என்றால் முதலில் இன்சர்ட் விசையோடு ஸ்பேஸ் அழுத்திவிட்டு, ஹெச் விசையை அழுத்துங்கள். தலைப்பு தலைப்பாகத் தாவ வேண்டும். "அடுத்த தலைப்பு இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னால் ஒன்றுமே குறிக்கவில்லை என்று அர்த்தம்.

இதே இடத்தில் இன்னும் இரண்டு சின்ன விஷயம். பக்கத்தில் பதினான்கு இணைப்பு, பதினான்கும் "இங்கே கிளிக் செய்யவும்" என்று இருந்தால் காதுக்கு எல்லாம் ஒன்றுதான்; "பாடம் 3 ஆடியோ", "பாடம் 3 வினாத்தாள்" என்று பெயரை எழுதுங்கள். ஸ்பேஸ் தட்டித் தட்டி வரிசைப்படுத்திய அட்டவணையை நிஜமான அட்டவணையாக மாற்றுங்கள், முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள்.

வேர்டிலேயே ரிவ்யூ பகுதியில் செக் அக்ஸசிபிலிட்டி என்று ஒரு பட்டன் இருக்கிறது. படத்துக்கு விளக்கம் இல்லாதது, அட்டவணைக் குறை எல்லாவற்றையும் பட்டியலாகக் காட்டும். இந்த அறிகுறிக்கு நிபுணர் தேவையே இல்லை. பொறுமை மட்டும் போதும்.

## அறிகுறி: "கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்னு சொல்லுது, என்ன படம்?"

ஸ்கிரீன் ரீடர் "படம்" என்று மட்டும் சொல்லும், அல்லது கேமரா வைத்த கோப்புப் பெயரை எண் எண்ணாக ஒப்பிக்கும். மாற்று உரை எழுதவில்லை என்பது பொருள். வேர்டில் படத்தின் மேல் வலது சொடுக்கினால் ஆல்ட் டெக்ஸ்ட் வரும். பாடம் ஏற்றும் தளமான மூடுலில் படம் ஏற்றும் கட்டத்திலேயே விளக்கம் கேட்கும், அவசரத்தில் தாண்டிவிடுகிறோம்.

இடம் கண்டுபிடிப்பது சுலபம். எழுதுவதுதான் கஷ்டம். டேலி பாடத்தில் திரையைப் படம் பிடித்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று இருந்தது. முதலில் நான் எழுதிய விளக்கம்: "டேலி திரை." இதனால் யாருக்கு என்ன பயன்? அடுத்த தடவை: "சேல்ஸ் வவுச்சர் திரை, மேலே நீலப்பட்டை, வலப்பக்கம் பட்டன்கள்." இதுவும் உதவவில்லை, பட்டையின் நிறம் யாருக்கு வேண்டும்? பார்வையில்லாத மாணவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாம் முறை எழுதினேன்: "சேல்ஸ் வவுச்சர். எஃப் 8 அழுத்தினால் வரும். பார்ட்டி பெயர் கட்டத்தில் கேஷ் என்றும், பொருள் அரிசி மூட்டை, அளவு 2, விலை 1,400, மொத்தம் 2,800 என்றும் நிரப்பப்பட்டுள்ளது." "இது போதும்ணா, நான் கீபோர்டுல போட்டுக்குவேன்" என்றார். டேலியில் வவுச்சர்களை எஃப் விசைகளாலேயே திறக்கலாம்: காண்ட்ரா எஃப் 4, பேமென்ட் எஃப் 5, ரசீது எஃப் 6, ஜர்னல் எஃப் 7, விற்பனை எஃப் 8, கொள்முதல் எஃப் 9. படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியதற்குப் பதிலாக விசையைச் சொல்லியிருந்தால் படமே தேவைப்பட்டிருக்காது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் படத்தை எடுத்துவிட்டால் படிப்பவருக்கு எது குறையும் என்பது. குறைவதை எழுதுங்கள். ஒன்றும் குறையாது, அழகுக்குப் போட்ட பூ என்றால் அலங்காரம் என்று குறித்துவிடுங்கள், ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போகும். அட்டவணையைப் போட்டோ எடுத்து ஏற்றியிருந்தால் விளக்கம் எழுதி நேரத்தை வீணாக்காமல் அட்டவணையையே அடித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டு ஆறுகளின் வரைபடம், உடற்கூற்றுப் படம் போன்றவற்றுக்கு இரண்டு வரி போதாது. படத்துக்குக் கீழே ஒரு பத்தியாக எழுதி எல்லாருக்கும் தெரியும்படி வையுங்கள். விரலால் தடவிப் பார்த்தால்தான் புரியும் படம் என்றால் பார்வையற்றோர் பள்ளி ஆசிரியரை அணுகுங்கள். தொட்டுணரும் வரைபடம் செய்யும் கை அவர்களிடம்தான் இருக்கிறது.

## அறிகுறி: "வீடியோல என்ன சொல்றாங்கன்னு புரியலை"

இதைச் சொல்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். வழி அங்கேதான் பிரிகிறது.

காது கேட்கும், ஆனால் பேச்சு தெளிவில்லை. பதிவில் குறை. எங்கள் மையம் கன்டெய்னர் லாரி போகிற ரோட்டில் இருக்கிறது. ஒலிவாங்கியில் ஆசிரியர் குரலைவிட ஹாரன் பெரிதாக விழும். லேப்டாப்பின் மைக்கில் பதிவு செய்வதை நிறுத்தி, சட்டையில் குத்தும் சின்ன மைக் வாங்கினோம். ஜன்னலில் போர்வை தொங்கவிட்டோம். பாதிப் புகார் போனது. பதிவு செய்ததை இயர்போனில் கேட்காமல், போன் ஸ்பீக்கரில் வைத்து, ஃபேன் சுற்றும் அறையில் கேட்டுப் பாருங்கள். படிப்பவர் அப்படித்தான் கேட்கிறார்.

பார்வை இல்லாதவர் சொல்கிறார். ஆசிரியர் "இதை எடுத்து இங்கே போடணும், அப்புறம் இதை அழுத்தணும்" என்கிறார். எதை, எங்கே? ஆசிரியரிடம் பேசி, சுட்டுவதை எல்லாம் பெயரோடு சொல்லப் பழக்குங்கள். காசில்லாத மருந்து. பழைய வீடியோவுக்கு, சுட்டிய இடங்களை வரிசையாக எழுதி ஒரு பக்கக் குறிப்பு இணையுங்கள்.

காது கேளாதவர் அல்லது குறைவாகக் கேட்பவர் சொல்கிறார். கேப்ஷன், அதாவது பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வரி, இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி கேப்ஷன் இருந்தால் அதை இருப்பதாகக் கணக்கில் கொள்ளாதீர்கள். நம் ஆசிரியர்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்கள். இயந்திரம் அங்கே தடுமாறி, பொருளையே மாற்றிவிடும். சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, கேப்ஷனை மட்டும் வைத்து மூன்று நிமிடம் பாருங்கள். பாடம் புரிகிறதா? புரியவில்லை என்றால் கையால் திருத்த வேண்டும்.

வழி இது. வீடியோவை ஓடவிட்டு, கூடவே நீங்கள் மெதுவாகத் திரும்பச் சொல்லி, போனின் குரல் தட்டச்சில் தமிழ் எழுத்தாக்குங்கள். பிழை திருத்துங்கள். அப்புறம் யூடியூப் கேப்ஷன் பகுதியில் நேரத்தோடு பொருத்துங்கள். ஒரு தடவையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். "சிரிப்பொலி", "மணி அடிக்கிறது" என்று சத்தங்களையும் குறியுங்கள். பத்து நிமிட வீடியோவுக்கு எனக்கு முதலில் இரண்டு மணி நேரம் பிடித்தது. இப்போது ஐம்பது நிமிடம். ஆசிரியர் முன்கூட்டியே எழுதி வைத்துப் பேசினால் இன்னும் குறையும்.

கேப்ஷன் சரியாக இருந்தும் புரியவில்லை என்கிறார். இங்கேதான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பிறவியிலேயே காது கேளாதவர் பலருக்கு முதல்மொழி இந்திய சைகை மொழி. அதற்குச் சொந்த இலக்கணம் இருக்கிறது. எழுதிய தமிழ் அவருக்கு இரண்டாம் மொழி. நீண்ட வாக்கியம் வேகமாக ஓடினால் கண் தொடராது. கேப்ஷனைச் சுருக்கிப் பாருங்கள், வீடியோ வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் சைகை மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டிய கட்டம் இதுதான். இரண்டு சைகை தெரிந்த யாராவது செய்தால் போதும் என்று விடாதீர்கள், பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். முதலில் எல்லா வீடியோவுக்கும் பணம் கட்ட முடியாது என்றால், அடிப்படை பாடங்கள் நான்கைந்தைத் தேர்ந்து அவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். எந்த நான்கு என்பதைப் படிப்பவரிடமே கேளுங்கள். 2015-ல் டெல்லியில் அமைந்த இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் 10,000 சொல் அகராதி வீடியோவாக இலவசமாகக் கிடைக்கிறது. பாடச் சொற்களுக்குச் சைகை தேட அது உதவும்.

நிர்வாகம் பணத்துக்குத் தயங்கினால், 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவை எடுத்துக் காட்டுங்கள். கேப்ஷன், சைகை மொழி இரண்டின் பெயரும் அதில் இருக்கிறது.

## அறிகுறி: "டேட்டா தீந்துபோச்சு"

ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக். அதையும் வீட்டில் இரண்டு பேர் பகிர்ந்துகொள்வார்கள். விநாடிக்கு 1,500 கிலோபிட் வேகத்தில் ஓடும் ஒரு மணி நேர வீடியோ 675 எம்பி. அதையே 500-க்குக் குறைத்தால் 225. பேச்சை மட்டும் பிரித்து 32 கிலோபிட் ஆடியோவாக்கினால் 14 எம்பி சொச்சம். வீடியோவைக் குறைக்க ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். கரும்பலகை எழுத்து மங்காத அளவு வரை குறையுங்கள். பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆடியோவும் எழுத்துக் குறிப்பும் பக்கத்திலேயே வையுங்கள், எத்தனை எம்பி என்று எழுதுங்கள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வேலைக்குப் போகிற ஒருவர் ஆடியோவிலேயே பாதி சிலபஸை முடித்தார்.

## அறிகுறி: "எழுத்து கண்ணுக்குப் பிடிபடலை"

போனை எடுத்துக்கொண்டு வெயிலில் போய் நில்லுங்கள். திரை வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். சாம்பல் எழுத்து தெரிகிறதா? காசிமேட்டு அக்கா ஒருவர் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து பாடம் பார்ப்பதை நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அவருக்கு ஐம்பது வயது, கண்ணாடி வீட்டில்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகத் தர அளவு. இணையத்தில் நிறத்தைக் கொடுத்தால் கணக்குச் சொல்லும் கருவிகள் உண்டு. கறுப்பில் வெள்ளை, வெள்ளையில் கறுப்பு என்று வைத்தால் கணக்கே வேண்டாம். "சிவப்பில் உள்ளவை முக்கியம்" என்று நிறத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். நிறம் பிரித்தறியாதவருக்காக "முக்கியம்" என்ற சொல்லையும் போடுங்கள். பிடிஎஃப்பைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். வலைப்பக்கமாகக் கொடுத்தால் மடிந்து உள்ளே வரும். தளத்தின் நிறமே மங்கல் என்றால் அதை அமைத்த வெப் டெவலப்பரிடம் சொல்லுங்கள், அவருக்குச் சின்ன வேலை.

## அறிகுறி: "பதில் தெரியும், ஆனா டெஸ்ட் எழுத முடியலை"

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், ஸ்பேஸ், என்டர், அம்புக்குறிகள் இவற்றை மட்டும் வைத்துத் தேர்வை முழுக்க நீங்களே எழுதுங்கள். எங்கே மாட்டுகிறீர்களோ அங்கேதான் அவரும் மாட்டினார்.

- இழுத்துப் பொருத்தும் கேள்வி என்றால், பட்டியலில் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக மாற்றுங்கள். கை நடுங்குகிறவருக்கும் இதுவே உதவி.
- தேர்வு பாதியில் மூடிக்கொண்டால், நேரக் கெடு. மூடுலில் தேர்வுக்குள் ஓவர்ரைட்ஸ் பகுதியில் அந்த ஒருவருக்கு மட்டும் நேரம் கூட்டலாம். எவ்வளவு? சொல்வதை எழுதித் தரும் எழுத்தர் வைத்து எழுதும் தேர்வுகளுக்கு மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல், கூடுதலாக மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் என்றது. அதைக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டு வாங்கும்படி விடாமல் முன்பே போட்டு வையுங்கள்.
- கணக்குச் சூத்திரம் போட்டோவாக இருந்தால் மூடுலின் சமன்பாட்டுக் கட்டத்தில் அடித்துப் போடுங்கள்.
- பொத்தான் கீபோர்டுக்கே வரவில்லை என்றால், அது தளத்தின் நிரலில் உள்ள குறை. அங்கே நம் கை எட்டாது. டெவலப்பரிடம் கொடுக்கும்போது "ஓடலை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனையாவது டேபில் நின்றது என்று எழுதி, திரைப்பதிவு ஒன்றையும் இணையுங்கள்.

## அறிகுறி: "எல்லாம் ஓடுது, மண்டையில ஏறலை"

இதைச் சொல்பவர் தயங்கித்தான் சொல்வார். கூச்சப்படவிடாமல் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் இடங்களைக் குறியுங்கள்.

ஆறு வரி நீள வாக்கியத்தில் தடுக்கினால் மூன்றாக உடையுங்கள். "பற்றுச்சீட்டு" என்ற சொல்லில் நின்றால், அவர் கடையில் சொல்வது "பில்"; இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், தேர்வில் அந்தத் தமிழ்ச் சொல் வரலாம். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும், வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு தங்கைக்கு, பாடச்சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ், ஆங்கிலம், தெலுங்கு என மூன்று பத்தியில் போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் பத்தியை அவளே நிரப்பினாள்.

எழுத்துகள் இடம்மாறித் தெரிகின்றன, எவ்வளவு சுருக்கினாலும் வரி விட்டு வரி தாவுகிறது என்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கலாம். நீங்கள் பெயர் சூட்டாதீர்கள். சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் அனுப்புங்கள். அதுவரை ஆடியோவும் எழுத்தும் சேர்ந்து ஓடும்படி கொடுங்கள், வரி இடைவெளியை ஒன்றரை ஆக்குங்கள்.

## அறிகுறி: ஒன்றுமே சொல்லவில்லை, வருவது நின்றுவிட்டது

இதற்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் செய்தியே வராது. பத்து நாள் உள்ளே வராதவர்களின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுக்கிறேன். அழைத்து, "ஏன் படிக்கலை?" என்று கேட்பதில்லை. "கடைசியா எந்தப் பக்கத்தைத் திறந்தீங்க?" என்று கேட்கிறேன்.

வியாசர்பாடியில் ஒருவர், பார்வையில்லாதவர். பணம் கட்டி மூன்று வாரம் ஆகியும் ஒரு பாடம்கூடத் திறக்கவில்லை. ஆர்வமில்லை என்று அலுவலகத்தில் எழுதிவிட்டார்கள். அழைத்தபோது, "லாகின் பக்கம்ணா" என்றார். கோணல் எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்சா அங்கே இருந்தது. ஒலி வசதி இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் இருந்தால் அவனைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வாராம். அவனுக்கு அரையாண்டுப் பரீட்சை, தினமும் கூப்பிடத் தயக்கம். கேப்சாவை நீக்கி, போனுக்கு வரும் ஓடிபியாக மாற்றினோம். மாற்ற எங்களுக்கு அனுமதி இருந்தது. தளம் வேறு கம்பெனியின் கையில் இருந்திருந்தால் அவர்களுக்கு எழுதி, பதில் வரும்வரை அவருக்கு வாட்ஸ்அப்பிலேயே பாடம் அனுப்பியிருப்பேன்.

அன்று இரவு 11 மணிக்கு அவர் முதல் பாடத்தைத் திறந்ததாகப் பட்டியலில் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தேன், நான்காவது பாடத்தில் இருந்தார்.